தெருவைக் காலி செய்த இரண்டு வழிகள்: சிங்கப்பூர் அங்காடிக்காரர்களும் தேக்கா மதுக் கட்டுப்பாடும்

சிங்கப்பூர் தன் தெருக்களைப் பெரிய அளவில் இரண்டு முறை ஒழுங்குபடுத்தியிருக்கிறது. முதல் முறை, நடைபாதையிலும் சந்துகளிலும் சாப்பாடும் காய்கறியும் விற்றுவந்த அங்காடிக்காரர்களை நகர்த்தியது. 1968இல் தொடங்கிய அந்த வேலை முடிய 1986 ஆனது. இரண்டாம் முறை, தெருவோரத்தில் உட்கார்ந்து குடிப்பவர்களை நகர்த்தியது. 2013 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, லிட்டில் இந்தியா என்றும் சொல்லப்படும் தேக்கா வட்டாரத்தில் வெடித்த கலவரத்தில் அதற்கான காரணம் பிறந்தது. 2015 ஏப்ரல் 1 அன்று சட்டமே நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்னதற்கு ஏறத்தாழ 18 ஆண்டு. பின்னதற்கு 16 மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

இரண்டையும் வெற்றி என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். தெருவை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் தெருவிலிருந்து எழுப்பப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், இரண்டும் ஒன்றில்லை என்பது தெரியும். அங்காடிக்காரர்கள் விஷயத்தில் முதலில் ஆட்களை எண்ணினார்கள், அப்புறம் இடம் கட்டினார்கள், கடைசியில்தான் தெருவைக் காலி செய்தார்கள். குடிப்பவர்கள் விஷயத்தில் காலி செய்வதுதான் முதலில் நடந்தது. தெரு வியாபாரத்தையும் தெருக் குடியையும் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று திண்டாடும் எந்த நகராட்சியும் இந்த வரிசை வித்தியாசத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

போருக்குப் பிந்தைய நடைபாதை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சிங்கப்பூரில் வேலை இல்லாதவர்கள் ஏராளம். கையில் கொஞ்சம் பணமும் ஒரு அடுப்பும் இருந்தால் போதும், மறுநாளே தொழில் தொடங்கிவிடலாம் என்ற நிலையில் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். சீனர்கள் நூடல்ஸ் தள்ளுவண்டியோடு, மலாய்க்காரர்கள் இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும் சாத்தே கம்பிகளோடு, தமிழர்கள் வாட்டர்லூ ஸ்திரீட் பக்கம் இஞ்சித் தேநீர் விற்கும் சரபத்துக் கடைகளோடு. கச்சாங் பூத்தே விற்றவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்தான். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டுகளைத் தட்டுப் பலகையில் அடுக்கித் தலையில் சுமந்து, காகிதக் கூம்பில் அளந்து கொடுப்பார்கள். சினிமாக் கொட்டகை வாசல் அவர்களுடைய நிரந்தர இடம்.

இதை இன்று நினைத்துப் பார்க்க அழகாக இருக்கலாம். அன்று அந்தத் தெருவில் குடியிருந்தவர்களுக்கு அப்படி இல்லை. பல கடைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரில்தான் நாள் முழுவதும் தட்டும் கிண்ணமும் கழுவப்படும். மிச்சச் சாப்பாடும் எண்ணெயும் நேராகச் சாக்கடைக்குப் போகும், சாக்கடை சிங்கப்பூர் ஆற்றுக்குப் போகும். எலி, ஈ, அடைத்துக்கொண்ட வடிகால், டைபாய்டு, காலரா பயம். தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ உள்ளே நுழைய முடியாத தெருக்களும் இருந்தன. அங்காடிக்காரர்கள் நிலைமையும் மோசம்தான். ரகசியக் கும்பல்களுக்கு மாமூல் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் கொதிக்கும் சட்டியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். பிடிபட்டால் அபராதம், சாமான் பறிமுதல். மறுநாள் அதே இடத்தில் அதே கடை.

1950இல் காலனி அரசு அங்காடிக்காரர்களைப் பற்றி ஆராய ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் பிறகும் ஏறத்தாழ 20 ஆண்டுகள், விரட்டுவதும் திரும்பி வருவதுமாகவே கழிந்தன. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: விரட்டலில் யாரும் எதையும் சாதிக்கவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரிக்குப் பெயர் கெட்டது, விற்பவருக்குப் பொருள் போனது, தெரு அப்படியே இருந்தது. விற்பவருக்குப் போக்கிடம் இல்லாதபோது அபராதம் என்பது தொழிலுக்கான இன்னொரு செலவு, அவ்வளவுதான்.

முதலில் எண்ணிக்கை

1968-69இல் தீவு முழுவதும் அங்காடிக்காரர்களைப் பதிவு செய்யும் பணி நடந்தது. ஏறத்தாழ 18,000 பேருக்குத் தற்காலிக உரிமம் கொடுத்தார்கள். பெரிய சாலைகளிலிருந்து பக்கத்துச் சந்துகளுக்கும் கார் நிறுத்துமிடங்களுக்கும் காலி மனைகளுக்கும் நகர்த்தினார்கள். இந்த முழுக் கதையிலும் மிக முக்கியமான கட்டம் இதுதான் என்று நினைக்கிறேன். பின்னால் எழும்பிய கட்டடங்களுக்குக்கூட இரண்டாம் இடம்தான்.

ஏன் என்றால், அந்தத் தற்காலிக உரிமம் ஒரு மனிதரின் நிலையையே மாற்றியது. அதுவரை அவர் சட்டப்படி குற்றவாளி, கண்ணில் பட்டால் துரத்தப்பட வேண்டியவர். உரிமம் கைக்கு வந்ததும் அவர் ஒரு கோப்பில் இருக்கிறார். என்ன விற்கிறார், எங்கே விற்கிறார் என்பது பதிவாகிவிட்டது. நாளை அந்த இடத்திலிருந்து எழுப்ப வேண்டுமென்றால், எங்கே உட்கார வைப்பது என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும். எத்தனை கடைகளுக்கு இடம் கட்ட வேண்டும் என்ற கணக்கும் அங்கிருந்துதான் கிடைக்கிறது. எண்ணாமல் கட்டும் வணிக வளாகங்கள் எல்லா ஊர்களிலும் காலியாகக் கிடப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு இல்லாததுதான்.

பதிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. பட்டியலில் வராதவர் வெளியே நிற்கிறார். 1968ஆம் ஆண்டின் சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை வைத்துக்கொண்டு, உரிமம் இல்லாதவர்கள்மீது நடவடிக்கை கடுமையானது. அந்தக் கடுமையை அரசால் நியாயப்படுத்த முடிந்தது, காரணம் பக்கத்திலேயே உரிமம் பெற்ற கடை நடந்துகொண்டிருந்தது.

இடைக்கால ஏற்பாடுகளில் ஒன்று ஆர்ச்சர்ட் சாலை கார் நிறுத்துமிடம். பகலில் கார்கள் நிற்கும். சாயங்காலம் கார்கள் கிளம்பியதும் தள்ளுவண்டிகள் வரிசையாக வந்து நிற்கும், விளக்குகள் எரியும், இரவு முழுவதும் கூட்டம். ஒரே தரையை இரண்டு வேலைகளுக்கு நேரம் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு. 1978இல் அது மூடப்பட்டது. சுகாதாரக் குறைகள் அங்கேயும் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் நேரத்தைப் பங்கிடுவது என்ற அந்த யோசனை இந்தக் கதையில் பின்னால் மறுபடி வருகிறது.

அப்புறம் இடம்

1971 முதல் உணவங்காடி நிலையங்கள் கட்டத் தொடங்கினார்கள். நியூட்டன் நிலையம் அந்த ஆண்டே திறந்தது. அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புகள் எழும்பிய இடங்களிலெல்லாம் மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தையும் உணவுக் கடைகளும் சேர்ந்தே எழும்பின. ஒவ்வொரு கடைக்கும் குழாய்த் தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, மின்சாரம், தேய்த்துக் கழுவ ஏதுவான ஓடு பதித்த சுவர். கடை ரொம்பச் சின்னது. இரண்டு பேர் உள்ளே நின்றால் ஒருவரை ஒருவர் இடிக்காமல் திரும்ப முடியாது. ஆனால் சட்டி கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு முதல்முறையாகச் சரியான விடை கிடைத்தது. மேசை நாற்காலிகள் நடுவில் பொதுவாக இருந்ததால், எந்தக் கடையில் வாங்கினாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். தெருவில் இருந்த பழக்கத்தைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்தது இந்த ஒரு ஏற்பாடுதான்.

1982இல் பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை புதுக் கட்டடத்துக்கு மாறியது. இன்றைய தேக்கா நிலையம் அதுதான். 1983இல் சைனாடவுன் தெருக்களில் இருந்தவர்கள் கிரேத்தா ஆயர் கட்டடத்துக்குப் போனார்கள். இதற்கிடையே 1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கெடு வைத்தார். அந்தத் திட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 5,000 அங்காடிக்காரர்கள் இடம் மாறினார்கள். 1986இல் தெருவில் உரிமத்தோடு இருந்த கடைசி அங்காடிக்காரரும் கூரைக்குக் கீழே வந்துவிட்டார்.

இதை வலியில்லாமல் நடந்த மாற்றம் என்று எழுதினால் அது பொய். குலுக்கலில் விழுந்த கடைதான் கடை. மேல்மாடி மூலையில் விழுந்தால், இருபது ஆண்டாகத் தெருமுனையில் சேர்த்த வாடிக்கையாளர்கள் படியேறி வருவார்களா என்ற கவலை. பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டு ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்து வாழ்ந்தவர்கள் வேறு வேறு கட்டடங்களுக்குச் சிதறினார்கள். தலையில் சுமந்து விற்றவர்களுக்கு நாலு சுவர் கடை ஒத்துவரவில்லை. தொழிலையே விட்டவர்களும் உண்டு. ஆனால் இடம் மாறியவர்களிடம் வாங்கிய வாடகை சந்தை நிலவரத்தைவிட வெகு குறைவு. இந்தச் சலுகை வாடகை இல்லையென்றால் பலர் தெருவுக்கே திரும்பியிருப்பார்கள்.

கட்டி முடித்ததோடு விடவும் இல்லை. 1997இல் கடைகளுக்குச் சுகாதாரத் தரம் கொடுக்கும் முறை வந்தது. ஏ, பி, சி, டி என்று எழுத்து கடை முன்னாலேயே தொங்கியது. தெருவில் இருந்திருந்தால் எந்தக் கடைக்கு, எந்த இடத்தில் தரம் கொடுப்பது?

கூரை கொடுத்து வாசலை மூடியது

2020 டிசம்பரில் யுனெஸ்கோ சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தைத் தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் 1986க்குப் பிறகு புது நிலையங்கள் கட்டுவதை அரசு நிறுத்தியிருந்தது. 2011இல்தான் மறுபடி கட்டப்போவதாக அறிவித்தது. கால் நூற்றாண்டு இடைவெளி. இன்று நிலையங்கள் 110க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் கடை நடத்துபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அறுபதை எட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள்.

தெருவின் பெரிய குணம், கையில் காசில்லாதவரும் உள்ளே வரலாம் என்பது. வேலை போனால், கணவர் இறந்துபோனால், ஊரிலிருந்து கிளம்பி வந்துவிட்டால், ஒரு அடுப்பை வைத்து மறுநாள் காலை தொடங்கலாம். அந்த வாசல் சிங்கப்பூரில் மூடிவிட்டது. காலியாகும் கடைகளுக்கு இப்போது ஏலம். 2024இல் மரீன் பரேட் நிலையத்தில் ஒரு கடைக்கு மாத வாடகையாக 10,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கேட்டு ஒருவர் ஏலம் எடுத்தார். எல்லாக் கடையும் அந்த விலைக்குப் போவதில்லை, பல கடைகள் மிகக் குறைவாகவும் போகின்றன. இருந்தாலும் போருக்குப் பிந்தைய ஏழைகளுக்குப் பிழைப்பாக இருந்த தொழிலுக்குள் நுழைய இன்று ஏலத்தாள் எழுத வேண்டியிருக்கிறது. அங்காடிக்காரர்களுக்கு இடம் கொடுத்த திட்டம் அவர்களுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்கு வழி வைக்க மறந்துவிட்டது. இதை ஒரு பெருங்குறையாகவே பார்க்கிறேன்.

தெரு மெதுவாகத் திரும்பியும் வந்திருக்கிறது, வேறு உடையில். 2001இல் சைனாடவுன் ஸ்மித் ஸ்திரீட்டை உணவுத் தெருவாக்கினார்கள், பெரும்பாலும் சுற்றுப்பயணிகளுக்காக. எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் லாவ் பா சாட் நிலையத்தை ஒட்டிய பூன் டாட் ஸ்திரீட். பகலில் அது அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு சாதாரணச் சாலை. டாக்சி நிற்கும், சாமான் லாரி நிற்கும். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் சாலையை அடைத்துவிட்டு மேசைகளைப் போடுகிறார்கள். சற்று நேரத்தில் கரி அடுப்புகள் மூட்டப்பட்டு, விசிறி மட்டையோடு சாத்தே புரட்டும் புகை அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள்மீது படர்கிறது. நள்ளிரவு தாண்டி மேசைகளை மடக்கிக் கழுவிவிட்டால், விடிந்ததும் மறுபடி டாக்சி. குடியும் அங்கே உண்டு, உரிமத்தோடு. ஹாலந்து வில்லேஜில் லோரோங் மாம்போங்கும் அப்படித்தான். சாயங்காலங்களில் வண்டிகளை நிறுத்திவிட்டு உணவகங்களும் மதுக்கூடங்களும் தெருவிலேயே மேசை போடுகின்றன. ஆக, தெருவில் உட்கார்ந்து குடிப்பது இந்த நகரத்தில் கொள்கையளவில் தடைசெய்யப்பட்டதல்ல. யார் குடிக்கிறார், எந்தத் தெருவில், யாருடைய உரிமத்தில் என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா

கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வரும் தமிழ்நாட்டு, பங்களாதேஷ் ஊழியர்களுக்கு வாரத்தில் கிடைப்பது ஒரு ஓய்வு நாள். அது ஞாயிறு. அன்று பிற்பகலிலிருந்து சிராங்கூன் சாலையைச் சுற்றி நடக்க இடமிருக்காது. ஊருக்குப் பணம் அனுப்ப வரிசை, காய்கறி மளிகை வாங்க வரிசை, போன் கார்டு, முடிவெட்டு, கோயில். "பணம் போட்டாச்சா தம்பி?" என்பதுதான் அண்ணன்மார் கேட்கும் முதல் கேள்வி. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மரத்தடியில் கூடுவார்கள். எந்தப் புல்வெளி எந்த ஊருக்கு என்று எழுதாத ஒப்பந்தம் உண்டு. வாரம் முழுவதும் தொலைவிலுள்ள விடுதியிலும் வேலைத்தளத்திலும் இருந்துவிட்டு, தன் மொழியில் சத்தமாகச் சிரிக்க ஒரே இடம் அது. உணவகத்தில் உட்கார்ந்து பீர் குடிக்கக் கட்டுப்படியாகாது. கடையில் டின் வாங்கிப் புல்தரையில் வட்டமாக உட்காருவார்கள். அருகில் குடியிருந்தவர்களுக்கு இதில் நியாயமான மனக்குறைகள் இருந்தன. படிக்கட்டில் வாந்தி, வீட்டுக் கீழ்த்தளத்தில் சிறுநீர், இரவில் கூச்சல், திங்கள் காலையில் குப்பை. சில ஆயிரம் பேருக்குப் போதுமான கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் உள்ள இடத்தில் பல்லாயிரம் பேர் கூடினால் இதுதான் நடக்கும்.

2013 டிசம்பர் 8, ஞாயிறு, இரவு ஒன்பதரை மணிக்குச் சற்று முன். ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், விடுதிக்குத் திரும்பும் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி ஒரு தமிழ்நாட்டு ஊழியர் இறந்தார். வயது 33. அவர் குடித்திருந்தார், பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டிருந்தார். உடலை எடுக்க வந்தவர்கள் பேருந்து ஓட்டுநருக்கே முதலில் பாதுகாப்புக் கொடுத்ததாகக் கூட்டம் எண்ணியது. கல் பறந்தது. போலீஸ், ஆம்புலன்ஸ் வண்டிகள் இருபதுக்கு மேல் சேதமாயின, ஐந்து வண்டிகள் எரிந்தன. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் அந்த அளவில் கலவரத்தைப் பார்த்ததில்லை. 25 பேர்மீது குற்றச்சாட்டு, 57 பேர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள்.

அடுத்த வார இறுதியிலேயே லிட்டில் இந்தியா வட்டாரத்தில் மது விற்பனைக்கும் குடிக்கும் முழுத் தடை வந்தது. பின்னர் வார இறுதிகளில் பொது இடத்தில் குடிக்கத் தடை, சில்லறைக் கடைகள் இரவு எட்டு மணிக்குமேல் மது விற்கத் தடை என்று மாறியது. 2014 ஏப்ரலில் ஓராண்டுக்கான தற்காலிகச் சட்டம். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை கொடுத்தது. விபத்தையும் மீட்புப் பணியையும் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதும் குடிபோதையும் முக்கியக் காரணங்கள் என்றது. ஊழியர்களின் வேலை, வாழ்க்கை நிலைமைமீது இருந்த அதிருப்தி காரணமல்ல என்றது. அதே அறிக்கை, இவர்கள் கூடும் இடங்களில் கூடுதல் வெளிச்சமும் கண்காணிப்பும் வேண்டும், வேறு இடங்களிலும் இவர்களுக்கு வசதிகள் பெருக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

2015 சட்டம் என்ன செய்தது

மது விற்பனை, அருந்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் தீவு முழுவதற்கும் பொருந்தும். இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடைகளில் எடுத்துச்செல்ல விற்கக் கூடாது. வீட்டில் குடிக்கலாம், உரிமம் உள்ள உணவகத்தில், காப்பிக்கடையில், மதுக்கூடத்தில் அவரவர் உரிம நேரப்படி குடிக்கலாம். மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம். திரும்பத் திரும்ப மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனி மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் ஒரு மிடறுகூடக் கூடாது. தண்டனையும் ஒன்றரை மடங்கு.

சட்டத்தின் கட்டமைப்பில் ஒரு நல்ல குணம் இருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. அது தெளிவானது. கடிகாரத்தைப் பார்த்தால் போதும். போலீஸ்காரர் யாருக்குப் போதை ஏறியிருக்கிறது என்று தன் மனப்போக்கில் முடிவு செய்ய வேண்டியதில்லை. கிளார்க் கீ பக்கம் ரீட் பாலத்தில் இளைஞர்கள் மினிமார்ட்டில் மலிவாகப் புட்டி வாங்கி விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள், கிட்டத்தட்ட ஒரு திறந்தவெளி மதுக்கூடமாகவே அந்தப் பாலம் இருந்தது. அதைச் சட்டம் ஒடுக்கியது. வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் நள்ளிரவு தாண்டி நடந்த குடியும் குறைந்தது. குடியிருப்பாளர்கள் இதை வரவேற்றார்கள், அவர்கள் தூக்கத்துக்கும் மதிப்பு உண்டு.

ஆனால் பாலத்தில் இருந்த இளைஞருக்கு வேறு வழிகள் இருந்தன. நண்பன் வீட்டுக்குப் போகலாம், கொஞ்சம் கூடக் காசு கொடுத்து மதுக்கூடத்துக்குள் போகலாம். தேக்காவின் புல்வெளியில் இருந்தவருக்கு வீடு என்பது பல பேர் சேர்ந்து படுக்கும் விடுதி அறை. உணவகம் அவர் கூலிக்கு எட்டாது. இருவருக்கும் ஒரே சட்டம், ஆனால் பறிபோனது ஒரே அளவு அல்ல. வட்டார விதியோ வார இறுதி முழுவதையும் எடுத்துக்கொண்டது, அதாவது அவருடைய ஒரே ஓய்வு நாளை. மதுவை மட்டும் எடுத்திருந்தால்கூட ஏற்றுக்கொள்ளலாம். மதுவோடு சேர்ந்து அந்த வட்டமும் கலைந்தது. புல்வெளியில் கூடினாலே சந்தேகப் பார்வை, திரும்பும் பேருந்துகளும் சீக்கிரமே கிளம்பின. தேக்காவின் சின்னக் கடைக்காரர்கள் வியாபாரம் விழுந்ததாகச் சொன்னார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பென்ஜூரு, சூன் லீ, உட்லண்ட்ஸ் போன்ற இடங்களில் விடுதிகளுக்கு அருகே பொழுதுபோக்கு நிலையங்கள் இருக்கின்றன. மளிகை, பணம் அனுப்பும் கடை, விளையாட்டுத் திடல் எல்லாம் உண்டு. 2015இல் பெரிய விடுதிகளை முறைப்படுத்தும் சட்டமும் நிறைவேறியது. குறை என்னவென்றால், இவை ஊழியரைத் தொழிற்பேட்டை ஓரத்திலேயே வைத்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தேக்காவுக்குப் போவது, வாரம் முழுக்கப் பார்த்த அதே சுவர்களையும் அதே முகங்களையும் விட்டுக் கொஞ்ச நேரம் ஊருக்குள் இருப்பதற்காக. வேறொரு பட்டறையில் வேலை செய்யும் சொந்தக்காரப் பையனைப் பார்ப்பதற்காக. அந்தத் தேவையை விடுதிக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுக்க முடியாது.

கொவிட் காலத்துக்குப் பிறகு இது இன்னொரு படி போனது. 2022 ஜூன் முதல் விடுதிவாசிகள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா உட்பட நான்கு இடங்களுக்குப் போக அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்றானது. ஞாயிற்றுக்கு 80,000 சீட்டு என்று வரம்பும் வைத்தார்கள். 1968இல் அங்காடிக்காரர் கையில் கொடுத்த தாள், இந்த இடத்தில் இருக்க உனக்கு உரிமை உண்டு என்றது. 2022இல் ஊழியர் கைப்பேசியில் வந்த சீட்டு, இன்று மட்டும் வந்துவிட்டுப் போகலாம் என்றது.

இடம் கொடுக்காத ஒழுங்கு

இந்தியாவின் 2014 தெரு வியாபாரிகள் சட்டம் அங்காடிக்காரர் பாடத்தைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து, எல்லாருக்கும் வியாபாரச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. நகர வியாபாரக் குழுவில் நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். காகிதத்தில் இது சிங்கப்பூரின் ஏற்பாட்டைவிட முன்னேறியது. சிங்கப்பூர் அங்காடிக்காரர்களுக்குத் தங்கள் இடத்தைப் பற்றி முடிவு செய்யும் குழுவில் இப்படிச் சட்டப்படியான நாற்காலி கிடைத்ததில்லை. ஆனால் சிங்கப்பூர் குழாயும் வடிகாலும் சலுகை வாடகையும் கொடுத்தது. சட்டத்தில் உரிமையை எழுதிவிட்டுத் தண்ணீர்க் குழாய் போடாத நகரத்தில், சுகாதாரக் கேடு என்று சொல்லி விரட்டும் காரணம் அப்படியே மிச்சமிருக்கும்.

தெருக் குடிக்கு இப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலும் யோசிக்கப்படுவதாகத் தெரியவில்லை. குடிப்பவருக்காக யார் வாதாடுவார்? விற்பவருக்குப் பிழைப்பு என்ற வலுவான நியாயம் இருக்கிறது, குடிப்பவருக்கு அது இல்லை. ஆனால் பொது இடத்தில் கூடுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதைப் புட்டியோடு சேர்த்துத் தூக்கி எறிந்திருக்க வேண்டியதில்லை.

பூன் டாட் ஸ்திரீட்டைச் சாயங்காலங்களில் அடைத்து, கழுவி, காலையில் திரும்பக் கொடுக்கத் தெரிந்த நகரம் இது. தீபாவளிக்கு முன் தேக்காவின் தெருவில் வரிசையாகத் தற்காலிகக் கடைகள் போட்டு, முடிந்ததும் எடுக்கத் தெரிந்த நகரம். ரேஸ் கோர்ஸ் சாலையின் ஒரு துண்டை ஞாயிறு மதியம் இரண்டு முதல் இரவு ஒன்பதுவரை வண்டிகளுக்கு அடைப்பது பெரிய காரியமில்லை. தற்காலிகக் கழிப்பறைகள், தண்ணீர், பெரிய குப்பைத்தொட்டிகள், நிழலுக்குப் பந்தல், பேருந்துக்கு வெளிச்சமுள்ள வரிசைத் தடம். ஓரத்தில் அங்காடி உரிமத்தோடு பத்து இருபது சின்னக் கடைகள், ஏலம் இல்லாமல், குறைந்த கட்டணத்தில், புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு மட்டும். குறிப்பிட்ட வேலிக்குள் ஒருவருக்கு இரண்டு டின் என்று உரிமம் பெற்ற ஒரு விற்பனை இடம். எட்டு மணிக்கு அது மூடும், ஒன்பதுக்குக் கடைசிப் பேருந்துகள் கிளம்பும், பத்துக்குச் சாலை கழுவப்படும். செலவை ஊழியருக்காக முதலாளிகள் மாதந்தோறும் கட்டும் லெவியிலிருந்து எடுக்கலாம். அந்தப் பணம் இந்த ஊழியர்களின் பேரில்தான் வசூலாகிறது.